திருமலை (இலங்கையின் திருகோணமலை), மே மாதம்

மே 5, திங்கள்

பாஸ்போர்ட் வரவில்லை.

மே 6, செவ்வாய்

ராத்திரி யாரோ கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார்கள். காலையில் பார்த்தால் செம்பருத்தியில் ஒரு மொட்டு கூட மிச்சமில்லை. பக்கத்தில் ஒரு புள்ளிமான், என்னைப் பார்த்தபடியே மென்றுகொண்டு நின்றது. திருச்சியில் மாடு நுழைந்தால் கை தானாகக் குச்சியைத் தேடும். மானை எப்படி விரட்டுவது? அதன் இமை முடி வரைக்கும் தெரிந்தது, அவ்வளவு கிட்டத்தில் நின்றது. வீட்டுக்கார அக்கா உள்ளிருந்து ஒரு சத்தம் போட்டதும் நிதானமாகத் தெருவில் இறங்கிப் போனது. "இதுகளுக்குப் பயமே இல்லை பிள்ளை," என்றார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். தன் ஆபரேஷன் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "கொம்பு இருந்துச்சாடி?" என்று கேட்டாள். இல்லை, பெண் மான்.

மே 7, புதன்

டீக்கடையில் உட்கார்ந்ததுமே கேட்காமல் ஒரு தட்டு வந்தது. ரோல்ஸ், கட்லட், வடை, மீன் பணிஸ், இரண்டு வாழைப்பழம். எடுத்ததற்கு மட்டும் காசு, மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போகிறது. யார் எத்தனை எடுத்தார்கள் என்று ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. எழும்போது "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கிறார்கள், நாம் சொல்வதுதான் கணக்கு. எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனதற்கு இந்தத் தட்டு ஒரு முக்கியமான காரணம்.

மே 8, வியாழன்

தெருமுனையில் ஆட்டோச் சத்தம் கேட்டாலே கூரியர் என்று வாசலுக்கு ஓடுகிறேன். சாயங்காலம் வந்தது பாண் ஆட்டோ. ஒலிபெருக்கியில் பீத்தோவனின் பியானோ மெட்டு, பின்னால் கண்ணாடிப் பெட்டி நிறைய ரொட்டி. வியன்னாவில் பிறந்த மெட்டு காளி கோயில் பக்கத்துத் தெருக்களில் பாண் விற்கிறது! பிள்ளைகள் அதைக் கேட்டதும் காசோடு ஓடி வருகிறார்கள். ஒரு ரோஸ்ட் பாண் வாங்கினேன், இன்னும் சூடு இருந்தது. கூரியர் வரவில்லை.

மே 9, வெள்ளி

கோணேசர் கோயில். கோட்டைக்குள் நுழைந்துதான் போக வேண்டும். பிரெட்ரிக் கோட்டை இன்றும் ராணுவத்தின் கையில் இருக்கிறது, சாமி கும்பிடப் போகிறவர்கள் துப்பாக்கி பிடித்த காவலைத் தாண்டி நடக்கிறார்கள். ஓரத்து மர நிழலில் மான்கள் படுத்திருந்தன. சிப்பாய்களும் அவற்றைப் பார்ப்பதில்லை, அவையும் சிப்பாய்களைப் பார்ப்பதில்லை.

சம்பந்தர் பாடிய தலம். சின்ன வயதில் ஓதுவார் பாடக் கேட்டபோது கோணமாமலை என்பது பாட்டுக்குள் மட்டும் இருக்கிற ஊர் என்று நினைத்திருந்தேன். இன்று அந்தக் கடல் காலடியில், செங்குத்தாகக் கீழே. பழைய கோயிலைப் போர்ச்சுக்கீசியர் 1622-ல் இடித்தார்கள். இப்போது இருப்பது பிறகு எழுப்பியது. எனக்கு முன்னால் சிங்களக் குடும்பங்கள், பழத்தட்டைக் கண்ணாடித்தாளில் சுற்றி, வரிசையில் பொறுமையாக நின்றன. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

பாறை ஓரத்து மரத்தில் குழந்தை வரம் கேட்டுச் சின்னச் சின்னத் தொட்டில்கள். நான் அம்மாவுக்காக ஒரு துணி முடிந்தேன்.

இறங்கும்போது ஒரு மான் லஞ்ச் சீட்டை, சோறு கட்டும் பாலிதீன் தாளை, மென்றுகொண்டிருந்தது. பாதி வாய்க்குள் போய்விட்டது.

மே 10, சனி

அந்த லஞ்ச் சீட்.

மே 11, ஞாயிறு

கச்சான் காற்று ராத்திரி முழுக்கத் தகரத்தை அடித்தது. தூக்கம் இல்லை. அம்மா போனை எடுக்கவில்லை. தம்பி எடுத்து, "தூங்குறாங்க" என்றான். மத்தியானம் இரண்டு மணிக்கு அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை.

மே 12, திங்கள்

வெசாக், பௌத்தர்களின் பண்டிகை. இறைச்சிக்கடை, மதுக்கடை எல்லாம் பூட்டு. அக்காவின் மகனோடு ஆட்டோவில் போனபோது இளைஞர்கள் சிலர் கொடியை நீட்டி வழியை மறித்தார்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. தன்சலாம், பண்டிகைக்கு எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பிடக் கொடுப்பது. கையில் ஐஸ்கிரீம் திணித்தார்கள், பின்னால் வந்த பஸ்ஸையும் நிறுத்தி ஜன்னல் ஜன்னலாக நீட்டினார்கள். காசு வாங்கவில்லை, யார் எவர் என்று கேட்கவில்லை. எனக்குச் சிங்களம் தெரியாது, கும்பிட்டேன். அந்தப் பையனும் ஐஸ்கிரீம் ஒட்டிய கையோடு கும்பிட்டான்.

மே 13, செவ்வாய்

இன்றும் விடுமுறை. கூரியர் இல்லை.

மே 14, புதன்

பாலிதீன் மானின் வயிற்றில் செரிக்காது. அங்கேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் வயிறு நிறைந்தபடியே பட்டினியில் சாகும். பஸ் ஸ்டாண்ட் குப்பையில் இன்று ஆறேழு மான்கள் மூக்கை விட்டுக் கிளறின. சோற்று வாசம் இருக்கிற தாளைத்தான் முதலில் இழுக்கின்றன. பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். "என்ன செய்யிறது தங்கச்சி," என்றார், ஆனால் குனிந்து இரண்டு தாளைப் பொறுக்கித் தொட்டியில் போட்டார். நானும் பொறுக்கினேன். மூடி இல்லாத தொட்டி. மூடி போட எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

சாயங்காலம் அம்மாவே கூப்பிட்டாள். குரல் தெளிவாக இருந்தது. ஆபரேஷன் 20-ம் தேதிதான், மாற்றம் இல்லை. "நீ வரலைன்னா பரவாயில்லை" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் கத்திவிட்டேன். அப்புறம் இரண்டு பேரும் மான் கதை பேசினோம்.

மே 15, வியாழன்

பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டார்களாம்! நாளை கைக்கு வந்தால் ராத்திரி ரயில், கல்லோயா வழியாக விடியற்காலை கொழும்பு, அங்கிருந்து திருச்சி விமானம். காய்கறித் தோலைப் பையில் கட்டி வெளியே வைக்க வேண்டாம், வாளியில் போடுங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். ரயிலில் இடம் இருக்கிறதா என்று காலையில் ஸ்டேஷனில் கேட்க வேண்டும்.