வரப்பைக் காக்கும் ஊர்

1635-ல் மார்க் பியர்ஸ் வரைந்த லாக்ஸ்டன் வரைபடத்தை இன்று பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஒவ்வொரு பட்டை நிலமும் தனித்தனியாக. சில இடங்களில் உழுகிற ஆட்கள்கூட இருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷரில் உள்ள சின்ன ஊர் இது. மற்ற பெரும்பாலான ஊர்களில் பொதுவயல்களை வேலியடைத்துத் தனியாருக்குப் பிரித்துவிட்டார்கள். இங்கே மூன்று பெரிய வயல்கள் வேலியில்லாமல் தப்பின: மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல்.

ஒன்றில் குளிர்கால கோதுமை. அடுத்ததில் வசந்தகாலப் பயிர். மூன்றாவது தரிசு. மறு வருடம் முறை மாறும். ஒரே வயலில் பலருக்குப் பட்டைகள் இருப்பதால், இஷ்டப்பட்ட பயிரை வைக்க முடியாது.

வேலி இல்லையென்றால் என்ன ஆகும்? கலப்பை வருடத்துக்கு ஒரு சால் பொதுப்பாதைக்குள் நகரும். சில வருடங்களில் வண்டி போக இடம் இருக்காது. வாய்க்காலை ஒருவர் தூர்வாராவிட்டால் அடுத்தவர் பட்டையில் தண்ணீர் நிற்கும்.

அதனால் நவம்பர் கடைசியில், விவசாயிகளே உள்ள ஜூரி, கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருகிறது. எல்லை மங்கிய இடத்தில் மரமுளை அடிக்கிறார்கள். புல்தரைக்குள் உழுதவருக்கு அபராதம். தொகை சில பவுண்டுகள்தான். ஆனால் அதை விதிப்பது பக்கத்து வயல்காரர், அதுவும் ஊரார் முன்னால்! இந்த ஏற்பாட்டின் பலமே அதுதான் என்பேன்.

பள்ளத்தில் உழ முடியாத புல்வெளிகளை 'சைக்' என்பார்கள். கலப்பை தொடாததால் அங்கே காட்டுப்பூக்கள் பிழைத்திருக்கின்றன.

அபராதத்தை உறுதிசெய்யும் பழைய ஊர் நீதிமன்றமான 'கோர்ட் லீட்' கூடுவது ஊர் மதுவிடுதியான டவ்கோட் இன்னில். 2020-ல், பிரிட்டிஷ் முடியரசின் சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் இந்த நிலத்தைத் தனியார் பண்ணையான தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கு விற்றது. புது உரிமையாளரும் இந்த முறையை விட்டுவிடக் கூடாது.