பெரியப்பா குரலுக்கும் காதுக்கும் நடுவே 11 மில்லி விநாடி

எங்கள் பெரியப்பா வில்லுப்பாட்டுப் புலவர். சேரன்மகாதேவியை ஒட்டிய ஊர். சித்திரை, ஆடி மாதக் கோயில் கொடைத் திருவிழாக்களில் சுடலைமாடன் கதையும் முத்தாரம்மன் கதையும் விடிய விடியப் பாடுவார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. குரல் இருக்கும்போதே அந்தக் கதைகளை முழுசாகப் பதிந்து வைக்க வேண்டும் என்று போன பங்குனியில் இறங்கினேன். கையில் இருந்தது எட்டு வருஷப் பழைய லேப்டாப், அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம், ஆர்டோர் என்ற பதிவு மென்பொருள், மைக் ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோக இரண்டு மைக் செருகும் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்று.

குடமடிக்கிறவருக்கும் உடுக்கைக்காரருக்கும் பகலில் வேறு வேலை. எல்லாரையும் ஒரே நாளில் கூட்ட முடியவில்லை. குடத்தையும் தாளத்தையும் முதலில் பதிந்துகொண்டு, அதை ஹெட்போனில் கேட்டபடி பெரியப்பா பாடுவதாக ஏற்பாடு. காப்புப் பாட்டில் இரண்டு வரி போனது. ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"ஏட்டி, எனக்குப் பின்னால ஒருத்தன் பாடுதான். அவன நிப்பாட்டு, பெறவு நான் பாடுதேன்."

அவர் சொன்னது சரிதான். அவர் குரலே மைக் வழியாக லேப்டாப்புக்குள் போய்த் திரும்பி வரத் தாமதமாகியிருக்கிறது. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்ற சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் லேப்டாப்புக்குப் போகாமலே குரல் காதுக்கு வந்துவிடும். அதையும் போட்டுப் பார்த்தேன். கொடையில் குழாய் ஸ்பீக்கர் முழக்கத்தோடு பாடிப் பழகிய மனுஷர். வெறும் குரல் மட்டும் கேட்டால் அவருக்குப் பாட்டு எழும்பவே இல்லை. கொஞ்சம் எதிரொலி சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதை லேப்டாப்தான் சேர்க்க வேண்டும். ஆகவே தாமதத்தைக் குறைக்க இறங்கினேன்.

எவ்வளவு தாமதம் என்று முதலில் அளந்தேன். இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிளைச் செருகி, ஆர்டோரில் இருக்கும் அளவீட்டை ஓடவிட்டால் போக வர ஆகும் நேரத்தைக் காட்டும். 46 மில்லி விநாடி. விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்தெடுக்கும் துளி) என்ற வேகத்தில், 1024 சாம்பிளைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் இரண்டு வைத்திருந்தேன். அதற்கே 42.7 மில்லி விநாடி ஆகிவிடும். மிச்சம் இன்டர்ஃபேஸும் யூஎஸ்பியும் தின்பது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகும். 46 மில்லி விநாடி என்றால் 16 மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவர் பாடுவதுபோல. மேடையில் பின்பாட்டுக்காரர் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்.

பஃபரை 128ஆகக் குறைத்து, யூஎஸ்பிக்கு ஒத்துவரும் என்று மூன்றாக வைத்தேன். கணக்குப்படி 8 மில்லி விநாடி. அளந்தால் 11. ஆனால் பாட்டு நெடுகப் பொரிகடலை வறுக்கிற மாதிரி சடசடவென்று சத்தம். குறித்த நேரத்துக்குள் லேப்டாப் பஃபரை நிரப்பாவிட்டால் இப்படித்தான் ஒலி அறுந்துபோகும், எக்ஸ்ரன் என்பார்கள். அதைத் துரத்துவதற்குத்தான் மூன்று வாரம் ஆனது.

ஆடியோ நிரலுக்கு மற்ற வேலைகளை முந்தும் உரிமை வேண்டும். ஜாக் என்ற ஒலி மென்பொருள் தொகுப்பை நிறுவும்போது டெபியன் அதைப் பற்றிக் கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டு, நம் பயனர் பெயரை ஆடியோ குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்த பின் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் அந்த உரிமை கிடைக்கும். இது தெரியாமல் அரை நாள் போய்விட்டது. பிராசஸர் சும்மா இருக்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளாதபடி பெர்ஃபாமன்ஸ் நிலையில் நிறுத்தினேன். சடசடப்பு பாதி குறைந்தது.

மீதிக்குக் காரணம் வைஃபை. சில விநாடிக்கு ஒருமுறை ஒரு 'டக்' கேட்டுக்கொண்டே இருந்தது. வைஃபையை அணைத்ததும் நின்றுவிட்டது. இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கவென்றே அமைந்த ரியல்டைம் கெர்னலை (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) நிறுவி இரண்டு நாள் மல்லுக்கட்டியிருந்தேன். 2024இல் வந்த லினக்ஸ் 6.12இலிருந்து அந்த வசதி மூலக் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. டெபியன் 12இல் இருப்பது 6.1, ஆகவே அதற்குத் தனிக் கெர்னல் வேண்டும். என் லேப்டாப்பில் 128 பஃபருக்கு அது ஒரு மாற்றமும் காட்டவில்லை. சாதாரணக் கெர்னலுக்கே திரும்பிவிட்டேன். புதிதாக முயல்கிறவர்கள் கெர்னலைத் தொடுவதற்கு முன் வைஃபையை அணைத்துப் பாருங்கள். யூஎஸ்பி ஹப் இருந்தால் கழற்றிவிட்டு இன்டர்ஃபேஸை நேராகச் செருகுங்கள். பல நிரல்களுக்கிடையே ஒலியைக் கடத்தும் பைப்வயர், ஜாக் இரண்டில் எது என்று நானும் குழம்பினேன். ஒரே ஒரு மென்பொருளில் பதிவதென்றால் இரண்டும் வேண்டாம், ஆர்டோரிலேயே லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான ஆல்சாவைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பெரியப்பா வீட்டுக்குக் கொண்டுபோனபோது வேறு வில்லங்கம். அங்கே பிளக்கில் எர்த் சரியில்லை. சார்ஜரைச் செருகினால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கழற்றினால் இரைச்சல் போனது, ஆனால் லேப்டாப் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று வேகத்தைக் குறைத்துச் சடசடப்பைக் கொண்டுவந்தது. அந்த அமைப்பையும் தேடிப்பிடித்து மாற்றினேன். பிறகு வெயில். மைக் பக்கத்தில் ஃபேன் போட முடியாது. சித்திரை மத்தியானத்தில் லேப்டாப் கொதித்து, தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகம் குறைந்தது. அதற்கு எந்த அமைப்பும் கிடையாது. விடியற்காலை நாலு மணிக்கு மாற்றிக்கொண்டோம். சுவரில் பத்தமடைப் பாயைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். பாய் மெல்லிசு, அறையின் முழக்கம் அடங்கவில்லை. பஞ்சு மெத்தை இரண்டை நிறுத்திவைத்த பிறகுதான் அடங்கியது.

அன்று காலை ஹெட்போனை மாட்டி, குடத்தின் தாளத்தைக் கேட்டு, வீசுகோலை எடுத்தார். வில்லில் ஒரு தட்டு. மணிகள் குலுங்கின. காப்பு முடிந்து, வருபொருள் சொல்லி, கதைக்குள்ளே போய்விட்டார். நான் எக்ஸ்ரன் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது நிமிஷம், பூஜ்யம். காலை ரயில் ஹார்ன் கேட்ட பிறகுதான் நிறுத்தினார்.

"அந்தப் பின்னால பாடுனவன் எங்கட்டி?" என்று கேட்டார்.

"போயிட்டான் பெரியப்பா."

"அப்ப நாளைக்கும் நாலு மணிக்கே வா."