பிளஸ் டூவுக்கு அப்புறம் எந்த பஸ்?

முக்கூடல் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை நான். உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பும் என் தலையில்தான். ரிசல்ட் வந்ததும் பெற்றோர் தேடி வருவார்கள். “ஐந்நூறு எடுத்துட்டான் டீச்சர், இன்ஜினியரிங் போட்டுருவோமா?”

பேப்பரில் எழுதிக் காட்டினால்தான் விளங்கும். தமிழ் 95, ஆங்கிலம் 90, கணினி அறிவியல் 93. 600-க்கு 500 வந்ததே இவற்றால்தான். பொறியியல் கட்-ஆஃபுக்கு இந்த மூன்றும் உதவாது. கணக்கு 70 அப்படியே வரும். இயற்பியல் 74, வேதியியல் 78 இரண்டும் பாதியாகிவிடும். கூட்டினால் 200-க்கு 146. அப்பா முகம் வாடும். பையனுக்கு ஏற்கெனவே தெரியும், வீட்டில் சொல்லியிருக்க மாட்டான்.

பெண் பிள்ளைகள் விஷயம் வேறு. ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா மடியில் சுளகோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். வெட்டிய இலையில் தூளை வைத்து, உருட்டி, நூலைக் கட்டி, நுனியை மடக்கி விரல்கள் தம்பாட்டுக்கு ஓட, கண் மட்டும் என் மேல் இருந்தது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்று ஆரம்பித்தேன். அது அவருக்குத் தெரியும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகை பற்றி என்னைவிட நன்றாகவே தெரியும்.

“அதெல்லாம் சரி டீச்சர். பாளையங்கோட்டைன்னா ரெண்டு பஸ் மாறணும்லா? இருட்டுறதுக்குள்ள வந்துருவாளா?”

அதே கல்லூரிக்குப் போய்வரும் எங்கள் பழைய மாணவிக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். எந்த பஸ், எங்கே ஏறணும், கூட யார் யார் வருவார்கள் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் டீ குடித்து முடித்தபோது சேர்க்கை முடிவாகியிருந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது 2021-லிருந்தே ஊருக்குத் தெரியும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை எந்தக் கையேடும் சொல்வதில்லை.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது இன்னொரு கூத்து. கிடைக்கும் என்று நினைப்பதை முதலில் போடுகிறார்கள். “ஏல, ஆசைப்பட்டதை மேலே போடு. அது கிடைக்காவிட்டால்தான் அடுத்ததுக்குப் போகும்” என்று ஒவ்வொருத்தனிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய. எட்டாவது வரை அங்கே படித்துவிட்டு எங்களிடம் வந்தவனுக்கு அது கிடையாது. பதினோராம் வகுப்பில் தொடங்குகிற வழிகாட்டல் இந்த இடத்தில் செல்லாது. பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். சிலர் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் ஒன்பதாம் வகுப்பிலோ இப்போது ஆதாரையும் சாதிச் சான்றிதழையும் கொண்டுவரச் சொல்லிப் பெயரை ஒப்பிடுகிறோம். ஒன்றில் இனிஷியல் முன்னால், மற்றதில் பின்னால், அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடுதல். இ-சேவை மையத்துக்கு அலைய இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.