செய்யாறு பக்கம் ஒரு கூத்து முகாம்: கையெழுத்து வாங்கியது முதல் பின்பாட்டு பாடியது வரை

கல்லூரி திறப்பதற்கு முன்னால், மே கடைசியில் நடக்கும் தெருக்கூத்துப் பயிற்சி முகாமைப் பற்றி ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துவிட்டது, மொத்தமாக எழுதிவிடுகிறேன். அங்கேயே தங்கிக் கற்றுக்கொள்ள வேண்டும், இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமம், விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடம்தான் விடுதி, சொல்லிக்கொடுப்பவர்கள் அந்த ஊரையும் சுற்றுப்பட்டையும் சேர்ந்த கூத்துக்காரர்கள். நாடகத் துறைக்காரர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் இயற்பியல், வணிகவியல், தமிழ் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள்.

விண்ணப்பம் ஒரு பக்கம்தான். கையெழுத்துகள்தான் நாலு பக்கம். பொனஃபைடு சான்றிதழ், துறைத் தலைவர் ஒப்புதல், பெற்றோர் சம்மதக் கடிதம், அரசு மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று. தேர்வெல்லாம் முடிந்து அலுவலகத்தில் பாதிப் பேர் விடுப்பில் இருக்கும் நேரத்தில் இதற்கெல்லாம் அலைய வேண்டும், அதனால் கடைசித் தேர்வு முடிவதற்கு முன்பே பொனஃபைடை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதோடு பாட்டோ வசனமோ எதையாவது செல்போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்வார்கள். நான் எங்கள் ஆச்சி பாடும் ஒரு தாலாட்டைப் பாடி அனுப்பினேன். குரல் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, வெட்கப்படாமல் வாயைத் திறக்கிறார்களா என்றுதான் பார்ப்போம் என்று பிறகு ஒருங்கிணைப்பாளர் சொன்னார், அது உண்மைதான் என்று எங்கள் கூட்டத்தின் முதல் நாள் பாட்டைக் கேட்ட யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

வீட்டுச் சம்மதம் தனிக்கதை. நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் பக்கம் கொடை விழாவில் கணியான் கூத்து உண்டு, வில்லுப்பாட்டு உண்டு, அதெல்லாம் அம்மாவுக்குப் பழக்கம்தான், ஆனால் அதைப் பார்க்கப் போவது வேறு, மகள் போய்க் கற்றுக்கொள்வது வேறு. “ஏட்டி, ராத்திரி பூரா வெளிய இருக்கணுமாமே, உனக்கு என்ன தலையெழுத்து?” என்று ஆரம்பித்தவள், பெண் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் எங்களோடே தங்குகிறார் என்று தெரிந்து, அவரிடம் அரை மணி நேரம் போனில் பேசிய பிறகுதான் அப்பாவிடம் கையெழுத்து வாங்கித் தந்தாள். பெண்பிள்ளைகள் இந்த எண்ணை முதலிலேயே கேட்டு வாங்கி அம்மா கையில் கொடுத்துவிடுவது நல்லது. தெற்கிலிருந்து வருகிறவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் செங்கல்பட்டில் இறங்கி, காஞ்சிபுரம் போய், அங்கிருந்து செய்யாறு பஸ்ஸைப் பிடிக்கலாம். சென்னை போய்ச் சுற்ற வேண்டியதில்லை.

ஏன் இந்த வெயிலில் வைக்கிறார்கள் என்று எல்லோரும் திட்டுகிறார்கள். நாங்களும் திட்டினோம். ஆனால் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாக்கள் வரிசையாக நடப்பதே பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும்தான். பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய மகாபாரதமான வில்லிபாரதத்தை எடுத்துவைத்துக் கதை சொல்வார், இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். நமக்கு விடுமுறையும் இதே மாதங்கள்தான். கூத்துக்காரர்களுக்கோ வருஷத்திலேயே அதிக வேலை இருக்கும் மாதங்கள். அழைப்பிதழோடு வந்த கால அட்டவணையில் காலை ஆறு மணிக்கு அடவு வகுப்பு, அதாவது ஆட்டத்தின் கால் அசைவுகள், என்று அழகாகப் போட்டிருந்தது. ஆறு மணிக்கு வாத்தியார் வேறு ஏதோ ஊரில் வேஷத்தைக் கலைத்துக்கொண்டிருப்பார். ஏழரைக்கு மேல் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து வருவார், காதோரம் சிவப்புச் சாயம் மிச்சம் இருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு நேரே அடவு சொல்லிக்கொடுப்பார், அப்புறம் வகுப்பறைப் பெஞ்சிலேயே படுத்துத் தூங்குவார், சாயங்காலம் அடுத்த ஊருக்கு ஜமாவோடு, அதாவது தன் கூத்துக் குழுவோடு, கிளம்பிவிடுவார். இரண்டாம் நாளே அட்டவணையை மடித்து விசிறியாக்கிவிட்டோம். வாத்தியார் எப்போது விழித்திருக்கிறாரோ அப்போது வகுப்பு.

அடவு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, கால் வலிக்கும். கிரிக்கி என்று சொல்லும் சுழற்சியைத் தலைசுற்றாமல் செய்ய எங்களில் யாருக்கும் கடைசிவரை வரவில்லை, பரதநாட்டியம் கற்ற ஒரு பெண்ணைத் தவிர. அவளுக்கு வேறு சிக்கல், எல்லாமே மிக அழகாக வந்துவிடும். “சபையில ஆடுற மாதிரி ஆடாதம்மா, இது மண்ணு, தூக்கிப் போட்டு மிதி” என்று வாத்தியார் சொல்லிக்கொண்டே இருந்தார்.

குரல்தான் என்னைப் படாதபாடு படுத்தியது. முகவீணை என்று ஒரு சின்னக் குழல், பார்த்தால் நாகஸ்வரத்தின் கைக்குழந்தை மாதிரி இருக்கும், ஊதினால் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். அந்த உச்சச் சுருதிக்குத்தான் எல்லோரும் பாட வேண்டும். ஒலிபெருக்கி வராத காலத்தில் ஊரே உட்கார்ந்து கேட்ட பாட்டு அது, அதனால் தொண்டையில் மட்டும் பாடினால் அரை மணி நேரத்தில் காற்றுதான் வரும். மூன்றாம் நாள் எனக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. பயந்துபோய் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதற்கு ஆர்மோனியக்காரப் பெரியவர் சிரித்தார். போன குரல் திரும்பி வரும்போது கொஞ்சம் கீழே இறங்கி உட்காரும், அதுவரைக்கும் பாடாதே, தாளம் மட்டும் போடு என்றார். எனக்குச் சரியாகிவிட்டது, ஆனால் தொண்டையில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள் இதை நம்பி உட்கார வேண்டாம், டாக்டரையே பாருங்கள். அந்த நாட்களில் ஜால்ராவைக் கையில் வைத்துக்கொண்டு பின்பாட்டுக்காரர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வேஷக்காரர் அடியை மறந்தால் எடுத்துக்கொடுப்பது, மூச்சு வாங்கினால் அடுத்த வரியைத் தாங்களே இழுத்துப் பிடிப்பது, பாட்டு தொய்ந்தால் மிருதங்கத்தைத் துரிதப்படுத்துவது எல்லாம் அந்தப் பெஞ்சிலிருந்துதான் நடக்கிறது. முன்னால் ஆடுகிறவரை மட்டும் பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது.

மத்தியானங்களில் தகரக் கூரைக்குக் கீழே பேராசிரியர்களின் உரைகள் இருந்தன. பெரும்பாலும் தூங்கினோம். ஒன்று மட்டும் நினைவில் நிற்கிறது. பக்கத்திலிருக்கும், கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமத்தைப் பற்றியும், புரிசைக் கூத்தைப் பார்த்து நாடகத்தைப் பற்றிய தன் எண்ணத்தையே மாற்றிக்கொண்ட எழுத்தாளர் ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியது பற்றியும் ஒருவர் பேசினார். காஞ்சிபுரம் பக்கம் 1990-லிருந்து இருக்கும் கட்டைக்கூத்துச் சங்கம் (தெருக்கூத்தைக் கட்டைக்கூத்து என்றும் சொல்வார்கள்), 2002-ல் தொடங்கிய தன் குருகுலத்தில் பெண்பிள்ளைகளுக்கும் கூத்துச் சொல்லிக்கொடுத்ததையும் அவர்தான் சொன்னார். ஆண்களே பெண்வேஷமும் கட்டி வந்த கலை இது. நாங்கள் பெண்கள் வேஷம் கட்டுவோமா இல்லையா என்று தெரியாமலே அதுவரை தயங்கிக்கொண்டிருந்தோம். அன்று சாயங்காலம் வாத்தியாரிடம் நேராகவே கேட்டுவிட்டோம். “கட்டு, யார் வேணாங்கிறது, விடிய விடிய நின்னா போதும்” என்றார்.

முகாமில் எது உருப்படியானது என்று கேட்டால் நான் வகுப்புகளைச் சொல்ல மாட்டேன், பக்கத்து ஊரில் அர்ச்சுனன் தவம் செய்யும் கதையான அர்ச்சுனன் தபசு கூத்தைப் பார்க்கக் கூட்டிப்போனதைத்தான் சொல்வேன். இரவு பத்து மணிக்கு மேல் மேளக்கட்டு, அதாவது கூத்து தொடங்கும் முன் வாத்தியங்களை மட்டும் வாசிப்பது. கதையை அறிவித்துக் கோமாளித்தனமும் செய்யும் கட்டியங்காரன் வந்து ஊரையும் பஞ்சாயத்துத் தலைவரையும் எங்களையும் சேர்த்துக் கிண்டல் செய்தான். இரண்டு பேர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னால் நின்றே ஒவ்வொரு வேஷமும் பாடித் தன்னை அறிவித்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்க்கும்போது, வகுப்பில் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றது எதற்கென்று புரிந்தது. இரண்டு மணிக்கு மேல் எங்களில் பாதிப் பேர் பாயில் சரிந்துவிட்டார்கள். ஊர்க்காரர்களும் தூங்குகிறார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை, முக்கியமான இடம் வந்தால் பக்கத்துப் பாட்டி தட்டி எழுப்புகிறார். விடியும் நேரத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர், இரவெல்லாம் ஆடிய உடம்போடு, நட்டுவைத்த தபசு மரத்தில் ஒவ்வொரு படிக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினார். கீழே குழந்தை இல்லாத பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றார்கள். மேலே போய் அவர் எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் எறிந்தபோது எழுந்த இரைச்சலில் முகவீணையே கேட்கவில்லை. சொல்லிக்கொடுக்கிற கலைக்கும் ஊர் வேண்டி நிற்கிற கலைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பஸ்ஸில் திரும்பும்போது நாங்கள் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம். இதையெல்லாம் கல்லூரிக் கலைவிழா மேடையில் பத்து நிமிடத்துக்குச் சுருக்கிப் போடலாமா என்பதுதான் சண்டை. நான் போடக்கூடாது என்கிற கட்சி, இன்னமும்.

கடைசி இரவு எங்கள் அரங்கேற்றம், கர்ண மோட்சத்திலிருந்து கர்ணனும் பொன்னுருவியும் தர்க்கம் செய்யும் பகுதி. போருக்குப் போக விடைகேட்டு வரும் கணவனை அவள் லேசில் விடுவதில்லை. எனக்குப் பின்பாட்டு கிடைத்தது. நானே கேட்டு வாங்கினேன். கர்ணனாக வந்த வணிகவியல் பையனுக்கு வேஷம் கட்டவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாவாடை விறைப்பாக விரிந்து நிற்க இடுப்பில் துணியையும் கயிற்றையும் சுற்றி இறுக்கினார்கள், அப்புறம் மரத்தில் செய்த மார்பதக்கம், புஜக்கட்டை, கிரீடம். மரம் லேசானதுதான், ஆனால் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிய பிறகு அவனால் குனியவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஸ்ட்ரா வைத்துத்தான் தண்ணீர் குடித்தான். இரண்டாவது பாட்டில் அடியை மறந்து எங்கள் பக்கம் திரும்பினான், நாங்கள் எடுத்துக்கொடுத்தோம், ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். கைதட்டு அவனுக்குத்தான்!

இனி நடைமுறை விஷயங்கள். கட்டணம் கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு சின்னத் தொகை. காலையில் பெரும்பாலும் கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும், பிடிக்காதவர்கள் ரொட்டி வாங்கி வைத்துக்கொள்ளலாம், கடை ஒன்றுதான். போர்வை, கொசுவத்தி, டார்ச், பனங்கற்கண்டு கொண்டுபோங்கள். பெண்களுக்குக் கழிப்பறை போதவில்லை, நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம், நீங்களும் போனதும் கேளுங்கள். இதற்குக் கிரெடிட் தருவார்களா என்பதை உங்கள் துறையில் போவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், எங்களுக்கு வாய்வார்த்தையாகச் சொன்னது வாய்வார்த்தையாகவே போனது. சான்றிதழ் ஜூலை நடுவில் கூரியரில் வந்தது, இரண்டாக மடித்து.