கண்ணம்மை வேண்டாமாம்

தங்கச்சி மகளின் குழந்தைக்குத் துடக்குக் (பிறப்புத் தீட்டு) கழித்த அன்று, கிழக்கிலங்கைக் காரைதீவில் எல்லோரும் விறாந்தையில் பாய் விரித்திருந்து பெயர் பார்த்தோம். ரோகிணி நட்சத்திரம். ஓ, வ, வி, வு, இந்த நாலில் ஒன்றில் தொடங்க வேண்டும். கனடாவில் இருக்கும் சித்தப்பா எண்சாத்திரம் பார்த்து வாட்ஸ்அப்பில் பதினொரு பெயர் அனுப்பியிருந்தார். எல்லாவற்றிலும் ஒரு 'ஷ்'. வாசித்தபோது யாரோ ஊதுவத்தியை அணைக்கிற மாதிரியே கேட்டது.

"கண்ணம்மை என்று வையுங்களேன்" என்றேன். என் அம்மம்மாவின் பெயர்.

"எழுத்துச் சரிவராது பெரியம்மா" என்றாள் தங்கச்சி மகள். மூத்தவனுக்கு எழுத்தும் பார்க்கவில்லை, கோளும் பார்க்கவில்லை. கிரிக்கெட்காரர் ஒருவரின் பெயரை வைத்தார்கள். அதைச் சொன்னதும், "பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்கள்" என்று உண்மை வெளியே வந்தது.

நான் விடவில்லை. 1892இல் இதே ஊரில் மயில்வாகனமாகப் பிறந்து, 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனாரே, அவரைப் பெற்றவவின் பெயரும் கண்ணம்மைதான். அப்போது யாரும் பகிடி பண்ணவில்லை. "அவர் சுவாமி, பெரியம்மா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நாங்கள் இருந்த அந்த விறாந்தை அம்மம்மாவின் வளவு. அம்மாவுக்குச் சீதனமாக வந்து, தங்கச்சிக்குப் போய், இப்போது இவள் பெயரில் நிற்கிறது. குழந்தையின் குடியும், அதாவது வம்சமும், அம்மம்மாவின் குடிதான். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியில்தானே போகும். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குப் போனால், கிழவிகள் பெயரைக் கேட்க முன்பே "என்ன குடி மனே?" என்பார்கள். வீட்டையும் குடியையும் கொடுத்தவ பெயரில் மட்டும் இல்லை. முதலெழுத்து தகப்பனுடையது, மிச்சம் கனடாவில் இருந்து வந்தது.

நானும் பெரிய ஒழுங்கில்லை. 1996இல் என் மகளுக்குத் துஷ்யந்தினி என்று வைத்தேன், நாகரிகமாக இருக்கட்டும் என்று. அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து ஒரு மாதிரி, பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. ஒரு 'எச்' காணாமல் போனதற்கு இரண்டு தரம் சத்தியக்கடதாசி முடித்தோம். அம்மம்மா கடைசிவரை அவளைத் 'துசி' என்றே கூப்பிட்டா.

கடைசியில் விஹாஷ்னி என்று முடிவானது. பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். நேற்று 39. 'ஷ்னி'யா 'ஷினி'யா என்று சித்தப்பா இன்னும் சொல்லவில்லை. அங்கே இரவாம்.