எங்கே வைத்துச் சாப்பிடுவது?

"நாலு மணிக்குச் சுண்டல் சாப்பிடச் சொல்றீங்களே மேடம், எங்க வச்சுச் சாப்பிடுறது?" என்று, உணவு ஆலோசனைக்காக என்னிடம் வந்திருந்த பெண் கேட்டார். அதையடுத்து நடந்த பேச்சை நான் முடித்துவைத்த விதம் சரிதானா என்பதை இன்றுவரை என்னால் முடிவு செய்ய இயலவில்லை. ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே விற்பவர் அவர். முழங்கால் வலிக்காக எலும்பு மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்பதை, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

என்னிடம் வருமுன்பே அவர் தாமாகச் சாப்பாட்டைக் குறைத்திருந்தார். காலையில் தேநீர், மதியம் கொஞ்சம் சோறு, இரவில் இரண்டு சப்பாத்தி. எப்படிக் கூட்டினாலும் 800 கலோரியைத் தாண்டாது. முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கியதாக மகிழ்ச்சியுடன் சொன்னார். அதில் பெரும்பகுதி நீர்தான். உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து கரையும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் வீதம் நீரும் உடன் வெளியேறுகிறது. அதன்பின் எடை இறங்கும் வேகம் குறைந்தது, சோர்வு கூடியது. மாலையானால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேல் தட்டிலிருந்து புடவை எடுக்கக் கை எழவில்லை. மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 10-க்கும் கீழே இருந்தது. குறைந்தது 12 இருந்திருக்க வேண்டும். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறும்போது, சோர்வென்று வரும் பெண்ணிடம் பட்டினியை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலையென்றால் நாளொன்றுக்கு 1,660 கலோரி, நடுத்தர உழைப்பென்றால் 2,130 கலோரி தேவை. எனவே தேவையிலிருந்து 500 கலோரி அளவுக்கு மட்டும் குறைத்து, வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும் என்று திட்டமிட்டேன். இட்லியோடு முட்டை, மதியம் கூடுதலாகப் பருப்பும் கீரையும், தேநீரை உணவை விட்டுத் தள்ளி வைப்பது, மாலை நான்கு மணிக்குச் சுண்டல். ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் இரவு பத்து மணிக்குத்தான் அடுத்த வாய் உண்கிறார் என்பதால், அந்த நாலு மணிச் சுண்டலையே நான் இத்திட்டத்தின் உயிராகக் கருதினேன். அப்போதுதான் அவர் அதைக் கேட்டார். விற்பனைத் தளத்தில் உணவு கூடாது. உட்கார ஒரு முக்காலி கூட அங்கே கிடையாது.

மருத்துவரிடம் கடிதம் வாங்கித் தருகிறேன், மாலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிட அனுமதி கேட்கலாம் என்றேன். "வேணாம் மேடம். கடுதாசி கொடுத்தா ஒடம்புக்கு முடியாதவன்னு பேராயிடும்" என்றார். நான் "சரி" என்றேன். சுண்டலை அடித்துவிட்டு, அதன் பங்கைக் காலைக்கும் மதியத்துக்கும் பிரித்து எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் "சரி"யைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். வேலை அவருடையது, அந்தக் கடையில் யாருக்கு என்ன நேரும் என்பதை என்னைவிட அவர் நன்கறிவார். அவர் விருப்பத்தை மீறி ஒரு கடிதம் போயிருந்தால் அதன் விளைவை நான் சுமக்கப் போவதில்லை. ஆனால் கடைகள், நிறுவனங்களில் பணிபுரிவோருக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. கேரளம் 2018-லேயே அதைச் செய்துவிட்டது. சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கும் ஒன்றைச் சலுகைபோலக் கேட்க முன்வந்து, மறுத்ததும் பின்வாங்குவது என்ன ஆலோசனை என்று ஒரு மனம் கேட்கிறது. நோயாளியின் தட்டைத் தாண்டி நம் பேனா போகலாகாது என்று இன்னொரு மனம் சொல்கிறது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

சில மாதங்களுக்குப் பிறகு வந்தபோது, மாதம் இரண்டு கிலோ வீதம் குறைந்திருந்தார். இரும்புச்சத்து மாத்திரையால் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியிருந்தது. படியேற முடிகிறது என்றார். எண்களைப் பார்த்தால் நான் செய்தது சரி. ஆனால் பேச்சுவாக்கில், நாலு மணிக்குக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி ஒரு பிடி பொட்டுக்கடலை மெல்வதாகவும், அதுவரை தோழி ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். நான் அடித்ததை அவரே திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார். அவரைத் தேற்றியது மாத்திரையா, முட்டையா, அந்தப் பொட்டுக்கடலையா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

கடிதம் போயிருந்தால் அவர் வேலையே போயிருக்கும் என்கிறார் என்னுடன் பணிபுரிபவர். இருக்கலாம். இப்போதெல்லாம் நின்று வேலை செய்பவர் யார் வந்தாலும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதற்கு முன், எப்போது, எங்கே சாப்பிட விடுவார்கள் என்று கேட்டுவிட்டு, கடிதம் வேண்டுமா என்றும் கேட்கிறேன். பெரும்பாலோர் வேண்டாம் என்கிறார்கள்; சட்டத்தை எடுத்துச் சொன்ன பிறகும் அதையேதான் சொல்கிறார்கள்.