தினமும் ஓடும் காருக்கு எந்தப் பூச்சு?

திருவொற்றியூரில் கடலுக்கு அருகில் வீடு என்பதால், இரவெல்லாம் தெருவோரம் நிற்கும் என் காரின் பானெட்டை விடியற்காலையில் தொட்டால், உப்பின் பிசுபிசுப்போடு கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதியும் விரலில் ஒட்டுகிறது. இவற்றிலிருந்து பெயின்ட்டைக் காக்க ஒரு பூச்சு தேவைப்பட்டது. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் கர்னாபா மெழுகு அருமையான பளபளப்பைத் தந்தாலும், நம் வெயிலில் ஓரிரு மாதங்களுக்கு மேல் தாங்குவதில்லை. ஆகவே, பொதுவாக 4 முதல் 6 மாதங்கள் வரை நிற்கக்கூடிய செயற்கைப் பாலிமர் சீலன்ட்டையே (பெயின்ட்டின் மேல் மெல்லிய காப்புப் படலமாக ஒட்டும் பூச்சு) தேர்ந்தெடுத்தேன்.

பூசுவதைவிட அதற்கு முந்தைய வேலைதான் பெரிது. ஷாம்பூ போட்டுக் கழுவி, ஈரத்தோடு கிளே பாரால் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) மெதுவாகத் தேய்த்து, பெயின்ட் கண்ணாடிபோல் வழுக்கும்வரை அழுக்கை எடுக்காவிட்டால் சீலன்ட் சரியாகப் பிடிக்காது. நிழலில், தகடு குளிர்ந்த பிறகு, மெல்லியதாகப் பூசுங்கள். தண்ணீர் முத்துமுத்தாகத் திரளாமல் படர்ந்து நிற்கத் தொடங்கினால், மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது.